ஓட்டைக் காக்காவும் என் பெக்டரி வேனும்

சாய்ந்தமருதில் கடலுக்குப் பயப்படாத மனிதர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஓட்டைக் காக்காவுக்குப் பயப்படாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. குடை, கூரை, தொட்டி, தோணி எதுவானாலும் அவர் தெருமுனையில் வருவதைக் கண்டால் கொஞ்சம் கசியத் தொடங்கும் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை. அவர் மகனுக்கு நான் கணக்குப் படிப்பித்தேன். பள்ளிக்கூட வரவு இடாப்பில் மகனின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தது, அவ்வளவுதான். தோணிகளின் ஓட்டையை அடைப்பது அவர் தொழில். அதனால் ஓட்டைக் காக்கா; வயதில் மூத்தவரை நாங்கள் காக்கா என்போம்.

புதுத் தோணியோ பழைய தோணியோ, கடலில் இறங்குமுன் அவர் அதைக் கரையில் கட்டையேற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விளிம்புவரை நிரப்புவார். பிறகு அடியில் ஊர்ந்து போய் மல்லாக்கப் படுத்துக்கொண்டு சொட்டு விழுகிறதா என்று பார்ப்பார். "உள்ள நிக்கிற தண்ணி வெளிய வராட்டி, வெளிய இரிக்கிற தண்ணி உள்ள வராது. இதுக்கு மேல படிப்பில்ல" என்பார். பின்னேரம் அஸர் தொழுகையிலிருந்து பொழுதுபடும் மஃரிப் வரைக்கும் ஒரு சொட்டும் விழாவிட்டால் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஒரே வார்த்தை சொல்வார்: "போகலாம்." அந்த வார்த்தை வராமல் எங்கள் கரையில் யாரும் தோணியைத் தள்ளமாட்டார்கள்.

இந்தப் பழக்கம் தோணியோடு நின்றிருந்தால் ஊருக்கு நிம்மதி. மனிதர் கடையில் குடை வாங்கினால் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார். மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டின் கூரையில் ஏறி நாற்பது வாளி ஊற்றினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அப்போது கீழே நின்றார்கள். ஒருமுறை தண்ணீர்த் தொட்டி திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வந்து, மாலை எல்லாம் போட்டு, கத்தரிக்கோலைக் கையில் எடுத்த நேரத்தில் இவர் கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டார்: "நாடாவ வெட்ட முன்ன ஒருக்கா நிரப்பிப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. வெட்டினார்கள். பிறகு நடந்ததை நான் எழுதத் தேவையில்லை, தொட்டிக்குக் கீழே நின்றவர்கள் எல்லாரும் வெள்ளை உடுப்பு.

பாராட்டு என்பது அவர் வாயில் வராது. நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் மனைவியின் புரியாணிக்கு இரண்டு தரம் "போகலாம்" கிடைத்ததாம். அந்த மனுசி அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்.

இப்படிப்பட்டவரின் தெருவில்தான் நான் கெம்பர் வேன் கொண்டுவந்து இறக்கினேன். ஓய்வு பெற்றபின் மனைவியோடு ஊர் சுற்றவேண்டும் என்று ஆசை. கொழும்பில் ஓர் ஏஜென்ட் மூலம், வெளிநாட்டுப் பெக்டரியில் முழுதாகச் செய்து வந்த வேன். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கைகழுவும் தொட்டி, சின்னதாக ஒரு கக்கூசு. ஊர் அதற்குப் "படுக்கிற வேன்" என்று பெயர் வைத்தது. மூன்று நாள் பெருநாள்போலச் சனம் வந்து பார்த்தது. எனக்குக் கால் தரையில் படவில்லை.

நாலாம் நாள் ஓட்டைக் காக்கா வாளியோடு சைக்கிளில் வந்தார். வேனைச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் தட்டினார். அலுமாரிக் கதவை மோந்து பார்த்தார்.

"சேர், பைப்ப இஞ்சால தாங்க. ஒருக்கா நிரப்பிப் பார்ப்பம்."

"என்னத்த நிரப்புற?"

"வேனத்தான்."

சுற்றி நின்ற இருபது பேரும் சிரித்தார்கள். எனக்கு ஏறிவிட்டது. "காக்கா, இது பெக்டரி சாமான். உங்கட தோணி இல்ல. எல்லாம் கம்பியூட்டர் பார்த்துச் செஞ்ச."

"கம்பியூட்டர் எப்பயாவது நனைஞ்சிரிக்கா சேர்?"

இப்போது சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கவேண்டும். நுணலும் தன் வாயால் கெடும். "சீவியம் முழுக்க ஓட்டை தேடுற ஆளுக்கு எல்லாம் ஓட்டையாத்தான் தெரியும். பெரிய பெரிய எஞ்சினியர்மார் செஞ்சத ஒரு வாளிக்காரர் வந்து பார்க்கத் தேவல்ல" என்றேன். அவர் வாளியைச் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு போய்விட்டார். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

அடுத்த வாரம் நானும் மனைவியும் நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். அம்பாறை தாண்டுமுன்பே அலுமாரிக் கதவொன்று கழன்று மனைவியின் மடியில் வந்து இருந்தது. அதைப் பிடித்திருந்தது இரண்டே இரண்டு ஆணி, நகத்தளவு நீளம். மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவுக்கும் இழுப்பு லாச்சிகள் தாமாகத் திறந்து தாமாக மூடின. இடப்பக்கம் திரும்பினால் கரண்டிகள் வரும், வலப்பக்கம் திரும்பினால் பீங்கான்கள் வரும். கைகழுவும் தொட்டியின் கழிவுக் குழாய் கீழே எதனோடும் பொருத்தப்படவில்லை. நான் முகம் கழுவிய தண்ணீர் முழுவதும் மனைவியின் உடுப்புப் பெட்டிக்குள் போயிருந்தது. பெக்டரியில் அந்த நேரம் மணி அடித்திருக்கவேண்டும், வேலையாள் குழாயைக் கையில் பிடித்தபடி சாப்பிடப் போயிருக்கவேண்டும்.

பிறகு மழை வந்தது. கூரையில் காற்றுக்கு வைத்த சின்ன ஜன்னலால் முதல் சொட்டு என் நெற்றியில் விழுந்தது. அரை மணியில் வெளியே பெய்த மழையைவிட உள்ளே கூடுதலாகப் பெய்தது. அலுமாரி எல்லாம் மரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேலே மரம்போல ஒரு கடதாசி, உள்ளே மரத்தூளை அமத்திச் செய்த பலகை. அது தண்ணீர் குடித்து இடியப்ப மாவாக ஊதியது. மனைவி கட்டிலில் சட்டியொன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள், தலைக்கு மேலே குடை. "இஞ்ச பாருங்க, காக்கா சொன்னத்துக்கு ஒரு வாளி ஊத்தியிரிக்கலாம். இப்ப அல்லாஹ்வே ஊத்துறான்" என்றாள்.

ஏஜென்டுக்குப் போன் எடுத்தேன்.

"சேர், மழையில ஓட்டுனீங்களா?"

"ஓம்."

"அதான் சேர் பிழை."

மழைக்கு வொரண்டி இல்லையாம். உதிரிப் பாகம் பெக்டரியிலிருந்து வர எட்டு மாதம் ஆகுமாம். "கெம்பர் வேன் எண்டா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், அது இயற்கையோட வாழுறதுக்குத்தானே" என்றும் ஒரு விளக்கம் தந்தான். போனை வைத்துவிட்டேன்.

ஊருக்குத் திரும்ப எனக்கு முகம் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், நான் முழு வேனைச் சொறிக்கல்முனைக் கிராமத்தில் ஒரு வைக்கோற்போருக்குப் பின்னால் மறைத்தேன். என்னோடு படிப்பித்த அந்தோனி மாஸ்டரின் வளவு அது. வேன் கொழும்புக்குக் கொம்பனிக்குப் போயிருக்கிறது, நானும் கூடவே போயிருக்கிறேன் என்று மனைவி மூலம் ஊருக்கு அறிவித்தேன். பிறகு ஓட்டைக் காக்காவுக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தார். உள்ளே ஏறிப் பார்த்தார். "நான் சொன்னன்தானே" என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி வைக்கோலில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

"காக்கா, இது ஊருக்குத் தெரியவேணாம்" என்றேன்.

"என்னத்த சேர்?"

"நீங்கதான் செஞ்ச எண்டு."

"சரி சேர்" என்றார். அவ்வளவுதான்.

பதினொரு நாள் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து போனார். வழியில் யாராவது "எங்க காக்கா இந்தப் பக்கம்?" என்று கேட்டால் "ஒரு ஓட்டை" என்பாராம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பொய் சொல்கிற வேலை எனக்கு. ஊரிலிருந்து யாராவது போன் எடுத்தால் "கொழும்புல சரியான டிராபிக்" என்பேன், பக்கத்தில் அந்தோனி மாஸ்டரின் மாடு கத்தும். "அது என்ன சேர் சத்தம்?" "ஹோர்ன்."

ஊதிய பலகையை எல்லாம் பிடுங்கி எறிந்து தோணிக்குப் போடுகிற நல்ல பலகை வைத்தார். கூரை, ஜன்னல், தரை எல்லா இடுக்கையும் பைபரும் ரெசினும் போட்டு அடைத்தார், கூரையில் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தார். கடைசி நாள் மெத்தைகளை இறக்கி, வயர்களைக் கழற்றி, வயல் வாய்க்காலில் பம்பைப் போட்டு வேனை நிரப்பினார். முழங்கால் அளவு தண்ணீர். வாய்க்கால் தண்ணீரோடு மூன்று பனையான் மீன்களும் ஏறி என் கட்டிலுக்குக் கீழே நீந்தின. காக்கா வேனுக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். அஸரிலிருந்து மஃரிப் வரைக்கும் ஒரு சொட்டு விழவில்லை. எழுந்து வைக்கோலைத் தட்டினார். "போகலாம்" என்றார்.

நான் கொம்பனியிலிருந்து வருகிறவன்போல ஹோர்ன் அடித்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குள் நுழைந்தேன். அன்று பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் சனம் கூடியது. கொம்பனிக்காரன் மன்னிப்புக் கேட்டான், புதுப் பலகை போட்டான் என்று அளந்துகொண்டிருந்தேன். மூலையில் காக்கா இருந்தார். கடைக்காரர் பகிடியாக அவரைக் கேட்டார்: "என்ன காக்கா, வேனப் பார்த்தீங்களா? வேல எப்பிடி?"

காக்கா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "வேல சுத்தம்" என்றார்.

கடையே அவர் பக்கம் திரும்பியது. "போகலாம்" அல்ல, "சுத்தம்"! ஓட்டைக் காக்கா ஒரு பெக்டரி சாமானைப் பாராட்டிவிட்டார் என்று அடுத்த நாள் கல்முனைச் சந்தைவரை கதை போயிற்று. அவர் பாராட்டியது தன் கையின் வேலையை என்பது அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் இன்னொரு பிளேன்டீ சொன்னேன்.

இதன் வினை பிறகுதான் விளங்கியது. "காக்காவே சொல்லிட்டார், பெக்டரி வேல சுத்தமாம்" என்று, அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் எங்கிருந்தோ ஒரு பெக்டரிப் பைபர் தோணி வாங்கிவந்து, நிரப்பிப் பார்க்காமல் கடலில் இறக்கினார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அடி வெடித்துத் தண்ணீர் ஏறிவிட்டது. பக்கத்தில் வலை போட்டவர்கள் அவர்களைத் தூக்கினார்கள். உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. தோணி போய்விட்டது.

அவர்களின் வாப்பா தேத்தண்ணிக் கடைக்கு வந்து காக்காவுக்கு முன்னால் நின்றார். "காக்கா, நீங்கதானே பெக்டரி வேல சுத்தம் எண்டு சொன்ன? என்ட ரெண்டு புள்ளையும் மையத்தாகியிருந்தா?"

காக்கா தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த கிளாசைப் பார்த்தார். "ஓம். சொன்னன்" என்றார்.

நான் அங்கேதான் இருந்தேன். நாலடி தூரத்தில். வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளை "பிழைய ஒத்துக்கொள்" என்று கன்னத்தைப் பிடித்துச் சொன்ன வாய் இது.

அதற்குப் பிறகு அவரைத் தோணிக்கு யாரும் கூப்பிடவில்லை. "காக்காட கண் பழுதாப் போச்சு" என்றார்கள். வெறும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துகொண்டு, நிரப்பிப் பார்க்காமல் தள்ளுகிற தோணிகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் திரும்பி வரும்வரை வீட்டுக்குப் போகமாட்டார். மூன்று கிழமை இதைக் கண்டேன். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை நிறையச் சனம் இருக்கும்போது எழுந்து நின்றேன். "எல்லாரும் கேளுங்க. என்ட வேனக் கொம்பனி திருத்தல்ல. ஓட்டைக் காக்காதான் திருத்தின, சொறிக்கல்முனையில வச்சி. அவர் சுத்தம் எண்டு சொன்னது அவர்ர வேலைய. பொய் சொன்னது நான்."

எல்லாரும் காக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சேர் பெரிய மனசுக்காரர்" என்றார். "என்ட பேர் கெட்டுப் போச்செண்டு தன்ட பேரக் கெடுத்து என்னக் காப்பாத்தப் பார்க்கிறார். கொம்பனிதான் செஞ்ச. நான்தான் பிழையாச் சொல்லிட்டன்."

சீவியத்தில் பொய் சொல்லாத மனிதர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? நான் கத்தினேன்: "அந்தோனி மாஸ்டரக் கேளுங்க!" கடைக்காரர் என் தோளைத் தட்டினார். "கேட்டா அவரும் உங்களுக்காக ஓம் எண்டுதான் சொல்லுவார். உங்களப் போல ஆக்கள் இந்தக் காலத்தில எங்க சேர்?" இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக் கொஞ்சினார்கள். பிளேன்டீக்குக் காசு வாங்கவில்லை. தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

வெளியே ஓடிப்போய் அவர் சைக்கிளைப் பிடித்தேன். "ஏன் காக்கா பொய் சொன்னீங்க?"

"என்ட மகன் உங்களிட்டத்தான் கணக்குப் படிச்ச. இப்பவும் எத்தின புள்ள உங்கட டியூசனுக்கு வருது. வாத்தியார் பொய் சொல்லுவார் எண்டா, மறுகா நீங்க சொல்ற கணக்க ஆர் நம்புற?"

"அப்ப உங்கட பேர்?"

"எனக்கு வாளி இரிக்கி சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால்தான் இதைப் பத்திரிகையில் எழுதுகிறேன். காக்காவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, தேத்தண்ணிக் கடையில் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். அவர் கேட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "சேர் பெரிய மனசுக்காரர்" என்று மறுபடியும் சொல்வார். எங்கள் கரைத் தோணிக்காரர்களிடம் கேட்கிறேன்: நாளைக்கே அவரை வாளியோடு கூப்பிடுங்கள். தோணியைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள். என்னைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.