கொச்சிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் நடுவே ஒருவர்

மனிதர்களில் 'இன்னும் முடிவு பண்ணலை' என்றொரு இனம் உண்டு. இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களையும் என்னையும்விட அதிகம் உழைப்பவர்கள். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நாம் கைக்கு வந்த சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவோம். இவர்கள் நீலத்தைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்து, கழற்றி, வெள்ளையைப் போட்டுப் பார்த்து, அதையும் கழற்றி, வெறும் பனியனோடு நின்று யோசிப்பார்கள். அங்கே பந்தி முடிந்திருக்கும்.

எங்கள் புனே விஷ்ராந்த்வாடியில் இந்த இனத்துக்குச் சரியான மாதிரி சூர்யநாராயணன். கோயம்புத்தூர்க்காரர். இங்கே ஒரு மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். அங்கே முடிவெடுப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று கேள்வி.

இந்தத் தீபாவளி லீவில் கடல் பார்க்கப் போவது என்று அவர் வீட்டில் பேச்சு. கொச்சியா, விசாகப்பட்டினமா என்பது மட்டும்தான் பாக்கி. மகள் ஹர்ஷா ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருஷம் பத்தாவது வந்துவிட்டால் கடலாவது அலையாவது, டியூஷன்தான். மனைவி வேதநாயகி வங்கியில் வேலை பார்ப்பவர். கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தார். போன வருஷம் மங்களூரா, பாண்டிச்சேரியா என்று சூர்யநாராயணன் ஆராய்ந்து முடிப்பதற்குள் லீவே முடியப் பார்த்தது. கடைசியில் பக்கத்திலிருக்கும் லோனாவாலா மலைக்குப் போய், கடலுக்குப் பதில் கடலைமிட்டாயோடு திரும்பினார்கள். ஹர்ஷா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இவர்கள் எப்படி ஆராய்வார்கள் தெரியுமா? அந்தந்த ஊர்க்காரரையே பிடித்துக் கேட்பார்கள். "கொச்சியில என்ன சார் இருக்கு? மழையும் டிராஃபிக்கும். பேசாம விசாகப்பட்டினம் போங்க" என்றார் ஆபீஸிலிருந்த கொச்சிக்காரர். சந்தோஷமாக விசாகப்பட்டினத்துக்காரரிடம் போனார். "இந்த சீசன்ல அங்க புயல் வரும் சார். கொச்சிதான் சேஃப்." சொந்த ஊருக்கு விருந்தாளி வருவதை எவன்தான் விரும்புவான்? மாடிவீட்டு தேஜஸ் ஒருவர்தான் மண்ணை விட்டுக்கொடுக்காத மராட்டியர். எந்தக் கடலைப் பற்றிக் கேட்டாலும், "அரே சூர்யாஜி, கொங்கண் ஜாயியே நா" என்று மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரைக்கே போகச் சொல்வார். மூன்றாவதாக ஒரு கடற்கரை கிடைத்ததில் ஆராய்ச்சி புத்துயிர் பெற்றது.

அதற்குப் பிறகு சாயங்காலமெல்லாம், கொச்சியின் சீன வலை அழகா, விசாகப்பட்டினத்துக் கரையில் நிற்கும் நீர்மூழ்கிக் கப்பல் அழகா, எந்த ஊர் ஹோட்டல் ஜன்னலில் கடல் முழுசாகத் தெரியும், எதில் அரைக்கடல், எங்கே இட்லி கிடைக்கும், கிடைத்தால் சட்னி எப்படி இருக்கும் என்று சோபாவில் சாய்ந்தபடி போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரெண்டுலயும் கடல் இருக்குல்ல? பின்ன என்ன?" என்றாள் ஹர்ஷா.

"இருக்கு கண்ணு. ஆனா கடலுக்குக் கடல் வித்தியாசம் இருக்கு."

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதநாயகி இரண்டு துண்டுச் சீட்டை மடித்து, பூஜை அறையில் மருதமலை முருகன் படத்தின் முன் போட்டார். "சாமியே சொல்லட்டுங்க. ஒண்ணை எடுங்க."

எடுத்தார். விசாகப்பட்டினம். ஹர்ஷா கைதட்டினாள்.

நீங்களும் நானும் இதோடு எழுந்து பெட்டி கட்டப் போயிருப்போம். சூர்யநாராயணன் இன்னொரு சீட்டையும் எடுத்தார். எதற்கு? வேண்டாம் என்று விட்டது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்காமல் இந்த இனத்துக்குத் தூக்கம் வராது. பிரித்தார்.

அதிலும் விசாகப்பட்டினம்.

சூர்யநாராயணன் இரண்டு சீட்டையும் பக்கம்பக்கமாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சாமி முன்னாடி இப்படிப் பண்ணலாமா?" என்றார்.

"சாமிக்குத் தெரியுமுங்க. அவரும் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாரு? டிக்கெட் போன வாரமே போட்டாச்சு. உங்க மனசு கோணக் கூடாதேன்னுதான் சீட்டு."

"அப்ப கொச்சிக்கு ஒரு வாய்ப்பே குடுக்கலையே" என்றார் அவர். நியாயஸ்தர்.

போனார்கள். புயல் வரவில்லை. சாயங்காலக் கரையில் ஹர்ஷா முழங்கால் அலையில் நின்றுகொண்டு எந்த ஊரைப் பற்றியும் அபிப்பிராயம் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தாள். சூர்யநாராயணன் மணலில் உட்கார்ந்து, முதுகைக் கடலுக்குக் காட்டி, போனை வெளிச்சம் படாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொச்சியில இன்னைக்கு மழையே இல்லையாம்."

"அப்படீங்களா" என்றார் வேதநாயகி, மகளிடமிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் மேல ஏறி உக்காருங்க. பேண்ட் நனைஞ்சுடுச்சு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் எங்காவது, 'இந்த ரெண்டு ஊரும் எதுக்கு, மங்களூருக்கே போயிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று. சாமி படத்துக்கு முன்னால் கூப்பிடுவார்கள். போய் ஒன்றை எடுங்கள். இன்னொன்றைப் பிரிக்காதீர்கள்.