சேவல் இல்லாத கேசட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மலேசியாவில், செமோர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: மேசை முன்னால், புது கேசட் பெட்டியின் பொத்தானில் விரலை வைத்தபடி சின்னையா, கீழே பாயில் மனைவி நல்லம்மாள், சன்னலோரம், பேச வேண்டியதை எழுதிய தாளோடு மகள் நவமணி, கதவருகே முக்காலியில் நல்லம்மாளின் அண்ணன் பத்துமலை. யாரும் அழைக்காமல் வந்து அடுப்படி வாசலில் நின்றது சேவல்.

"அன்புள்ள அக்கா வீரம்மாவுக்கு, தம்பி சின்னையா..." என்று அவர் தொடங்க, மீதியைச் சேவல் சொல்லி முடித்தது.

வீரம்மா ஆறு வருடத்துக்கு முன்பு, 1970-இல், குடியுரிமை இல்லாததால் வேலை பெர்மிட் கிடைக்காமல், சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து புருஷனோடு கப்பலேறி, தமிழ்நாட்டில் அறந்தாங்கிப் பக்கம் ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தவள். போன மாதம் எழுதியிருந்தாள்: "முகமெல்லாம் போட்டோவில் இருக்கிறது தம்பி. குரல்தான் மறந்துகொண்டே வருகிறது." படித்த மறுநாளே சின்னையா பெட்டி வாங்கிவிட்டார்.

சேவலைக் கூடை போட்டுக் கவிழ்த்தார்கள். கோபத்தில் அது இரண்டு மடங்கு கூவியது. கதவு, சன்னல் எல்லாவற்றையும் அடைத்தார்கள். வேர்த்துக் கொட்டவே காற்றாடியைப் போட்டார்கள். டேப்பில் காற்றாடி மட்டும் பேசியது.

"கம்பளிக்குள்ள பூந்து பேசுங்க மச்சான்," என்றார் பத்துமலை.

பேசினார். போட்டுக் கேட்டார்கள்.

"கெணத்துல விழுந்தவரு கூப்பிடுற மாதிரி இருக்குலா," என்றாள் நல்லம்மாள். "அண்ணி பயந்துருவாங்க."

"இதெல்லாம் தெரிஞ்சவங்க செய்யணும் மச்சான். ஈப்போவுல லூயிஸ் இருக்காரு. மாதா கோயில் பாட்டெல்லாம் அவருதான் பதிவாக்குறாரு."

மறு ஞாயிறு எல்லாரும் லூயிஸின் அறையில் நின்றார்கள். சுவரெல்லாம் கோணிப்பை. லூயிஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சேவல் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"சேவல் இல்லண்ணே பிரச்சனை. நீங்கதான்."

நல்லம்மாளின் வளையல்கள் கழன்றன. நாற்காலி கிறீச்சிட்டது, வெளியே போனது. தாள் சரசரத்தது, நவமணி மனப்பாடம் செய்தாள். பத்துமலையின் மூச்சு கேட்டது; அவரும் வெளியே போனார்.

"அப்ப நான் என்னலா பேசுறது?" என்றார் வெளியிலிருந்து.

"நீங்க அங்கேருந்தே நெனச்சுக்குங்கண்ணே."

கடைசியில் மிஞ்சியது அழுகை. 'அண்ணி' என்ற சொல்லைத் தாண்ட நல்லம்மாளால் முடியவில்லை.

"அக்கா, அழுதா மீட்டர் ஊசி செவப்புக்குப் போவுது. ஏதாச்சும் சந்தோஷமா நெனச்சுக்குங்க."

"சந்தோஷமா நெனச்சாதான் தம்பி அழுகையே வருது."

பதினோராவது தடவை கண்ணீர் தீர்ந்திருந்தது. எல்லாரும் வானொலிச் செய்தி போலப் பேசி முடித்தார்கள்.

"சுத்தம்! ஒரு கொசு கூட இல்ல," என்றார் லூயிஸ்.

சின்னையா கேட்டுப் பார்த்தார். உண்மைதான். அக்காவே இல்லாத யாரோ ஒரு நல்ல மனிதர் தெளிவாக நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். சரி, அக்காவின் குரல் எப்படி இருக்கும்? பால்மரங்களுக்கு நடுவிலிருந்து "டேய் சின்னையா" என்று கூப்பிடுவாளே! நினைத்துப் பார்த்தார். அந்த 'டேய்' மட்டும் வந்தது. மீதி வரவில்லை.

எதையும் முறையாகச் செய்பவர் அவர். கேசட்டைப் பஞ்சில் சுற்றினார். மழைக்குப் பிளாஸ்டிக், அதற்கு மேல் அட்டை. விலாசத்தை மூன்று இடத்தில் எழுதினார். லூயிஸ் தன் பங்குக்கு ஒரு தாள் கொடுத்தார்: 'டிரெபிள் குமிழைப் பாதியில் வைக்கவும். சுவருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து கேட்கவும்.'

கடிதத்தில் சின்னையா எழுதினார்: "கேட்டு முடித்ததும் இதே கேசட்டில் நீயும் பேசி அனுப்பு அக்கா. உன் குரல் எனக்கும்..." அந்தக் கடைசி வரியை அடித்துவிட்டு, "இங்கு எல்லாரும் சுகம்" என்று முடித்தார்.

ஈப்போ தபால் நிலையத்துக்கு லூயிஸும் பத்துமலையும் கூடவே வந்தார்கள். முகப்பு மேசையில் உட்கார்ந்திருந்த ஊழியர் ஆலிஸின் கண்ணெதிரிலேயே கடிதத்தைப் பொட்டலத்துக்குள் வைத்து, பசை தடவி, விரலால் மூன்று முறை நீவி ஒட்டினார் சின்னையா.

"உள்ள என்னண்ணே?"

"கேசட்மா. எங்க எல்லாரோட குரலும் இருக்கு. எங்க அக்காவுக்கு."

"ஒரு கொசு கூட இல்ல," என்றார் லூயிஸ்.

ஆலிஸ் எடை பார்த்தாள், தபால்தலை ஒட்டினாள், முத்திரை குத்தினாள், பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டே, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்:

"கேக்குறதுக்கு உங்க அக்காகிட்ட பொட்டி இருக்காண்ணே?"