எட்டுப் பேர் படுக்கலாம்

“இந்தக் குடும்பத்துல என் இஷ்டத்துக்கு ஒரு கரண்டி வாங்கியிருக்கோமா? ஒரே ஒரு கரண்டி?”

கத்தியவன் என் கணவன் வெண்டல். இடம், இண்டியானாவில் எங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் டிரெய்லர் விற்பனை மைதானம். கோடை முழுக்கக் காருக்குப் பின்னால் வீட்டையே இழுத்துக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்ற வேண்டும், அதுதான் அவன் கனவு. கனவில் மின்சாரக் கணப்பு உண்டு, சாய்வு சோபா உண்டு, சுவரளவு டிவி உண்டு. பெற்ற பிள்ளைகள் மூன்று பேருக்கும் இடம் இல்லை.

“எட்டுப் பேர் படுக்கலாம்னு எழுதியிருக்கு பாரு, லொரெட்டா.”

“படுக்கலாம்னுதானே எழுதியிருக்கு? தூங்கலாம்னு எழுதலையே!”

“சாப்பாட்டு மேஜையை இறக்கினா அதுவே கட்டில்.”

“தினமும் யார் இறக்குறது? காலையில யார் ஏத்துறது?”

“நாமதான்.”

பதினாறு வருஷக் குடித்தனத்தில் ‘நாம’ என்றால் நான் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு வேண்டியது பக்கத்தில் நின்ற சாதாரண வண்டி. பின்பக்கம் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், நடுவில் சாத்துகிற மாதிரி ஒரு கதவு. கணப்பு கிடையாது. ஜூலை மாசத்தில் கணப்பு எவனுக்கு வேண்டும்?

விற்பனையாளர் டுவேன் எங்களைக் கனவு வண்டிக்குள் ஏற்றி, வாசலோரப் பொத்தானை அமுக்கினார். பக்கச் சுவர் சோபாவைத் தூக்கிக்கொண்டு வெளியே நகர்ந்தது. அறை கல்யாண மண்டபமாகிவிட்டது.

“சுவரை உள்ள இழுத்துக் காட்டுங்க, டுவேன்,” என்றேன்.

“யாரும் அப்படிக் கேக்கிறதில்லையே, மேடம்!”

“ரோட்டுல போறப்ப உள்ளதானே இருக்கும்? நடுவழியில சின்னவளுக்கு ஒண்ணுக்கு வந்தா?”

பதில் தெரிந்த கேள்வியை மட்டுமே கேட்க வேண்டும். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் நான் படித்ததில் உருப்படியான பாடம் இது ஒன்றுதான். இந்த வண்டியின் வரைபடத்தை மூன்று நாளாகக் கணினியில் பார்த்திருந்தேன்.

“தாராளமா போகலாம்! இரு, நானே உள்ள போய் வெளிய வந்து காட்டுறேன்.”

வெண்டல் கழிவறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் பிள்ளைகளோடு கீழே இறங்கினோம். டுவேன் பொத்தானை அமுக்க, சோபா மெதுவாக உள்ளே வந்து கழிவறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டது.

“லொரெட்டா, கதவு திறக்கல.”

“தள்ளு.”

“தள்ளிட்டுத்தான் இருக்கேன். சோபா இடிக்குது.”

“நீ ஆசைப்பட்ட சோபாதானே, கண்ணா. சொல்லு, எந்த வண்டி?”

உள்ளேயிருந்து ஒரு இருமல்.

“அடுக்குக் கட்டில் வண்டி.”

“காதுல விழல.”

“அடுக்குக் கட்டில் வண்டிடீ!”

பிள்ளைகள் மேல் கட்டிலுக்கு அடித்துக்கொண்டு பக்கத்து வண்டிக்குள் பாய்ந்தார்கள். நான் டுவேனின் பேனாவை வாங்கிக்கொண்டு அலுவலகத்தைப் பார்த்து நடந்தேன். டுவேன் என் பின்னாலேயே ஓடி வந்தார்.

“லொரெட்டா? டுவேன்? பசங்களா? யாராவது அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்குங்களேன்!”