ஒன்பது கிலோவாட் சமத்துவம்

ஒரு வீட்டுக்கு எத்தனை பெரிய கணப்படுப்பு வேண்டும் என்பதை அந்த வீட்டில் குளிரில் நடுங்குகிறவர்கள் தீர்மானிக்கக் கூடாது. அவர்களுக்கு அதில் சுயநலம் இருக்கிறது. ஆகவே அந்தப் பொறுப்பை எங்கள் நகராட்சி மிகுந்த பெருந்தன்மையோடு தானே ஏற்று, கணப்புப் பொருத்த அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தது.

நார்வேயில், பள்ளத்தாக்கின் வெயில் படாத பக்கத்தில் இருக்கிறது என் அண்ணன் எம்ப்ரிக்கின் வீடு. முப்பத்திரண்டு சதுர மீட்டர். அண்ணி குன்வோருக்கு நவம்பர் கடைசியில் பிரசவம். பழைய இரும்பு அடுப்பு இனி உதவாது என்று புகைபோக்கி சுத்தம் செய்பவர் எழுதிக் கொடுத்துவிட்டார். குழந்தை வருவதற்குள் புது அடுப்பு வைத்தாக வேண்டும். அண்ணன் கணக்குப் போட்டான்: சின்ன வீடு, கெட்டியான மரச்சுவர், நான்கு கிலோவாட் போதும். கணக்கு மிகச் சரி. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

அவன் தங்கை தூவா நான்; பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறேன். அதனால் வீட்டில் எந்தத் தகராறு என்றாலும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். போனோம். அலுவலகத்தில் மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த பிரம்மாண்டமான அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. அதிகாரி ஓட்வார் அரைக்கைச் சட்டையில் இருந்தார். அது அக்டோபர் மாதம்.

"நாலு கிலோவாட் போதும் சார்," என்றான் அண்ணன்.

"படிவம் ஆரம்பிக்கிறதே அறுபது சதுர மீட்டர்லதான். அறுபதுக்கு ஒன்பது கிலோவாட்."

"எங்க வீடு முப்பத்திரண்டுதான்."

"அப்ப அது வீடு இல்லையே."

"பின்ன என்ன சார் அது?" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதும்மா. அதுக்குப் படிவம் இல்ல. படிவம் இல்லாததுக்கு அடுப்பும் இல்ல. வேணும்னா அறுபதுன்னு எழுதுங்க, ஒன்பது தர்றேன்."

"ஒன்பது வெச்சா வெந்துடுவோம்."

"ஜன்னலைத் திறங்க. ஊரே அப்படித்தான இருக்கு?"

ஊர் அப்படித்தான் இருந்தது. கூடத்தில் மூன்று பக்கக் கண்ணாடி அடுப்பு இல்லாதவரை யாரும் மதிப்பதில்லை. ஜனவரியில் பனியனோடு உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பை வேடிக்கை பார்ப்பதற்கு இங்கே நிம்மதி என்று பெயர்.

"சரி சார், பெரிய அடுப்பிலேயே கொஞ்சமா நெருப்பு வெச்சுக்கிறோம்."

"அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க. மூச்சுமுட்டி எரியிற நெருப்பு புகைபோக்கியெல்லாம் கரி அப்பிடும். அப்புறம் புகைபோக்கியே பத்திக்கும். நெருப்புன்னா நிமிர்ந்து எரியணும்."

அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுவும் எங்களுக்கு எதிரான உண்மை.

விடுவேனா? மூன்று பக்கத்துக்கு முறையீடு எழுதினேன். "சிறிய வீட்டில் வாழ்வோர் இரண்டாந்தரக் குடிமக்களா? பெரிய வீட்டாருக்குக் காட்டும் அக்கறையை எங்களுக்கும் காட்டினால் என்ன? குளிரின் முன் அனைவரும் சமம்." கடைசி வரியை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாசித்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் பதில் வந்தது. "பார்வையில் காணும் தங்கள் முறையீடு கூர்ந்து பரிசீலிக்கப்பட்டது. சிறிய வீட்டார் இரண்டாந்தரக் குடிமக்கள் அல்லர் என்பதை இவ்வலுவலகம் முழுமனதுடன் ஏற்கிறது. எனவே பெரிய வீட்டாருக்கு வழங்கப்படும் அதே ஒன்பது கிலோவாட், எவ்விதக் குறைப்புமின்றித் தங்களுக்கும் உரித்தாக்கப்படுகிறது."

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிதத்தை வாசித்தாள். "நல்லா வாதாடியிருக்க, தூவா. இன்னும் ஒரு பக்கம் எழுதியிருந்தா பன்னிரண்டே குடுத்திருப்பாங்க."

நான்கு ஆட்கள் அடுப்பைத் தூக்கி வந்தார்கள். அது உள்ளே நுழைய, சாப்பாட்டு மேசை வெளியே போயிற்று. குழந்தையும் சொன்ன நாளில் பிறந்தது. முதல் முறை பற்றவைத்தபோது வெளியே மைனஸ் பதினான்கு டிகிரி. முக்கால் மணி நேரத்தில் உள்ளே முப்பத்தாறு. அலமாரியில் இருந்த மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாகத் தலைகுனிந்தன. குழந்தை செக்கச்செவேலென்று கத்தியது. ஜன்னலைத் திறந்தோம்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. ஊரில் திறந்த ஜன்னல்களின் எண்ணிக்கை கவலையளிக்கும் வகையில் உயர்ந்துள்ளதால், வெப்ப விரயத்தைத் தடுக்கும் பொருட்டு, அடுப்பு எரியும் நேரத்தில் ஜன்னல் திறப்பது தடை செய்யப்படுகிறதாம்.

அடுப்பை அணைத்தால் விறைப்போம், ஜன்னலை மூடினால் வேவோம். நல்ல வேளை, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தள்ளுவண்டியில் பனிக்கு நடுவே வாசலில் தூங்குகிறவர்கள். குழந்தையைக் கம்பளியில் சுற்றி வெளியே போட்டோம். தூங்கிவிட்டது. துணைக்கு அண்ணி நாற்காலி போட்டாள். பிறகு அண்ணன் வந்தான். நானும் படுக்கைப் பையோடு போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டு மேசை ஏற்கெனவே வெளியேதான் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால், பள்ளத்தாக்கு முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குடும்பம். எல்லோரும் மூடிய ஜன்னல் வழியாக அவரவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் ஓட்வார் கையில் கருத்துக்கணிப்புப் படிவத்தோடு வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்று பெஞ்சில் இடம் பிடித்தார். "எங்க வீட்லயும் இதே ஒன்பதுதான்."

படிவத்தின் தலைப்பில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது: குளிரின் முன் அனைவரும் சமம். அதன் கீழே ஒரே ஒரு கேள்வி. இந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் யாருக்காவது குளிர்ந்ததா?

அண்ணிக்குப் பல் தந்தியடித்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். பேனாவில் மை உறைந்திருந்ததால் ஓட்வார் பென்சில் கொடுத்தார். நான் உண்மையை மதிக்கிறவள். வீட்டுக்குள் யாருக்கும் குளிரவில்லை. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் திருப்தியோடு அதைப் பையில் வைத்தார். "ஊர்ல நூத்துக்கு நூறு பேரும் இதையேதாம்மா சொல்லியிருக்காங்க. இவ்வளவு வரவேற்பு இருக்கிறப்ப, அடுத்த வருஷம் பன்னிரண்டா ஆக்கிடலாம்."