ஹெட்லி சக்டன் மின்சாரத்துக்குக் குழாய் போட்டார்

ஹெட்லி சக்டன் ஹார்னை அழுத்தினார். தொண்டை கட்டிய செம்மறியாடு ஒன்று மலைக்கு அந்தப் பக்கமிருந்து முனகிய மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"கேட்டுச்சா?" என்று கார் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி மேவிஸ், "எது?" என்றாள்.

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காருக்குத் தகுதி டெஸ்ட். இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்ட் ஊர்ப் பக்கத்து மலைச்சரிவில் இருக்கிற அந்தத் தெருவில் எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறை காரை டெஸ்டுக்குக் கொண்டுபோவார்கள், சான்றிதழ் வாங்குவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். ஹெட்லியால் மறக்க முடியவில்லை. போன வருடம் தாரிக் என்கிற அந்த டெஸ்ட்காரர் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, கீழே சின்ன எழுத்தில், 'ஹார்ன் சத்தம் சற்றுக் குறைவு, கவனிக்கவும்' என்று எழுதிவிட்டார். ஹெட்லிக்கு அது தன் குடும்பத்தைப் பற்றியே எழுதியது போல இருந்தது.

"இந்த வருஷம் ஃபெயிலாச்சுன்னா சனிக்கிழமையே பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிடுவேன்" என்றாள் மேவிஸ். "காரேஜை இடிச்சிட்டு தக்காளிக்குக் கண்ணாடி வீடு. சொல்லிட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. நாலு வகைத் தக்காளி விதைப் பொட்டலங்கள் ஏற்கெனவே சமையலறை மேசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஹெட்லி வெளியே சிரித்தார். உள்ளே பயந்துதான் போனார். தண்ணீர் வாரியத்தில் முப்பத்தெட்டு வருடம் குழாய் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் மேவிஸ் அங்கேதான் துடைக்க வருவாள். யாரும் எழுந்திரு என்று சொல்லாத ஒரே இருக்கை அந்தக் காரின் இருக்கைதான். அது போய்விட்டால் எங்கே போய் உட்காருவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஃபெயிலா? நான் இருக்கும்போதா?" என்றார். "மின்சாரமும் தண்ணிதான் மேவிஸ். கொஞ்சம் அவசரக்காரத் தண்ணி. குழாய் சின்னதா இருந்தா சொட்டும். பெரிய குழாய் போட்டா பீறிட்டு வரும்."

பெரிய குழாய்க்கு எங்கும் போகவில்லை. பழைய மின்சாரக் கெட்டிலின் தடிமனான வயரை வெட்டி, பேட்டரியிலிருந்து நேராக ஹார்னுக்கு இழுத்தார்.

பீறிட்டுத்தான் வந்தது. ஆனால் நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைக்காமலே ஹார்ன் அலறியது. எதிர்வீட்டு நாய் சோபாவுக்கு அடியில் போய்விட்டதாக அப்புறம் கேள்விப்பட்டார்கள். பக்கத்து வீட்டு க்ளைவ் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன ஹெட்லி, கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்புது?"

"சத்தம் பத்தலைன்னு எழுதினாங்கல்ல? இப்ப எழுதச் சொல்லு!"

வயரைப் பிடுங்கியதும் ஹார்ன் நின்றது. கூடவே இடது பக்க இண்டிகேட்டரும் நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை அதற்கு வைத்தியம். ஒரு வீட்டுக்குத் தண்ணீர் வராவிட்டால் பக்கத்துக் குழாயிலிருந்து கிளை எடுப்பதுதானே முறை? வைப்பருக்குப் போகும் வயரிலிருந்து இண்டிகேட்டருக்குக் கிளை எடுத்தார். இண்டிகேட்டர் எரிந்தது. அது எரியும்போதெல்லாம் வைப்பரும் ஆடியது. வைப்பரைச் சரிசெய்ய பிரேக் விளக்கிலிருந்து ஒரு கிளை எடுத்தார். அதற்குப் பிறகு பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஒருமுறை எழுந்து சலாம் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பின்னாடி விளக்கு எரியுதா பாரு" என்றார் க்ளைவிடம்.

"இல்லப்பா. ஆனா முன்னாடி மரியாதை பலமா இருக்கு."

"மெக்கானிக் யாரையாச்சும் கூப்பிடேன் ஹெட்லி" என்றாள் மேவிஸ்.

"முப்பத்தெட்டு வருஷத்துல நான் போட்ட குழாய் ஒண்ணாவது ஒழுகிருக்கா?"

"நம்ம குளியலறைல ஒழுகுது."

"அது வீட்டுக் குழாய். கணக்குல வராது."

புதன்கிழமை காலை பல் தேய்க்கும்போது அவருக்கு ஞானம் பிறந்தது. வால்வு! ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் வால்வு வைக்காததுதான் தப்பு. மின்சாரத்துக்கு வால்வு என்றால் சுவிட்ச். ஷெட்டில் இரண்டு சுவிட்ச் கிடைத்தது. தேவை ஏழு.

மதியம் வாசலில் யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். மேவிஸ் ஓடினாள். தபால்காரர்.

"எவ்வளவு நேரமா தட்டுறேன் தெரியுமா? உங்க காலிங்பெல் எங்கம்மா?"

சுவரில் இரண்டு வயர்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன. மேவிஸுக்கு விளங்கிவிட்டது. விருந்தினர் அறைக்குப் போனாள். அங்கே சுவிட்ச் இல்லை. மாடிப்படியிலும் படுக்கையறையிலும் இல்லை. நிலவறைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

காரேஜில் ஹெட்லி விசிலடித்துக்கொண்டிருந்தார். காரின் டாஷ்போர்டில் ஆறு வெள்ளைச் சுவிட்சுகள். ஏழாவதாக, நடுநாயகமாக அவர்கள் வீட்டுக் காலிங்பெல் பொத்தான். வயர்கள் எல்லாம் பச்சைத் தோட்டக் குழாய்க்குள் ஒழுங்காக ஓடின. மூட்டுகளில் இரும்புக் கிளிப்பு போட்டு முறுக்கியிருந்தார்.

"ஹெட்லி, நம்ம வீட்டுச் சுவரைக் கழட்டி கார்ல மாட்டிருக்கே!"

"எல்லாம் வேலை செய்யுது பாத்தியா? பொத்தானை அமுக்கினா ஹார்ன். விருந்தினர் அறை இடது இண்டிகேட்டர். மாடிப்படி வலது. நிலவறை சுவிட்ச் பிரேக் விளக்கு."

"பிரேக் விளக்குக்கு எதுக்கு சுவிட்ச்? மிதிச்சா எரியணும்ல?"

"மிதிக்கும்போது போட்டுக்கணும். அவ்வளவுதான்."

"யாரு போடுறது? உனக்கு ரெண்டு கைதானே?"

ஹெட்லி அவளை அன்போடு பார்த்தார்.

வியாழக்கிழமை வெள்ளோட்டம். மழை தூறிக்கொண்டிருந்தது. செங்குத்தான சாப்பல் சாலையில் கார் இறங்கத் தொடங்கியது. மேவிஸ் மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பிரேக் போடப் போறேன். நிலவறை!"

"போட்டாச்சு!"

"விட்டுட்டேன். அணை! இடது திரும்பணும். விருந்தினர்!"

"போட்டேன். வைப்பரு?"

"மூணாவது! ஐயோ, அது ஹெட்லைட்டு!"

"மூணாவதுன்னு நீதானே சொன்னே!"

"உன் பக்கத்துல இருந்து மூணாவது இல்ல, என் பக்கத்துல இருந்து!"

"கார்ல உக்காந்துக்கிட்டு என் பக்கம் உன் பக்கம்னு பிரிக்காதே. இடதுல இருந்து ஒண்ணு ரெண்டுன்னு நானே எண்ணிக்கிறேன், நீ ஸ்டியரிங்கைப் பாரு."

மீன் சிப்ஸ் கடை வரை போய், வளைந்து, திரும்பி வந்தார்கள். திரும்பும்போது மேவிஸ் கேட்காமலே போட்டாள், அணைத்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்குக் காலிங்பெல்லை அழுத்தி ஒரு ஹார்ன் கொடுத்துவிட்டு அவளே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஹெட்லி பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அன்று மாலை தக்காளி விதைப் பொட்டலங்கள் மேசையிலிருந்து இழுப்பறைக்குள் போனதையும் அவர் பார்த்தார். பார்க்காதது போல டீயைக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, டெஸ்ட் நிலையத்து ஷெட்டுக்குள் கார் கம்பீரமாக நுழைந்தது.

"தாரிக், நீ வெளியில நின்னு பாரு. நாங்க செஞ்சு காட்டுறோம்" என்றார் ஹெட்லி.

தாரிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹெட்லி ஜன்னலை ஏற்றிவிட்டார்.

இடது விளக்கு எரிந்தது. வலது எரிந்தது. வைப்பர் ஆடியது. ஹெட்லி பிரேக்கை மிதித்த அதே கணத்தில் மேவிஸின் விரல் சுவிட்சில் பட்டது. பின்னால் சிவப்பு விளக்குகள் ஜம்மென்று எரிந்தன. ஹார்ன் ஷெட்டையே குலுக்கியது. ஹெட்லி மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"இப்ப நான் உள்ள உக்காரணுமே சார்" என்றார் தாரிக்.

உட்கார்ந்தார். டாஷ்போர்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிரேக்கை மிதித்தார், கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார், மறுபடி மிதித்தார். இறங்கி பானெட்டைத் திறந்தார். பச்சைத் தோட்டக் குழாயை முதலிலிருந்து கடைசி வரை கண்ணால் தொடர்ந்துபோனார். பிறகு இரண்டு விரலால் பானெட்டை மெதுவாக மூடிவிட்டு அலுவலக அறைக்குள் போனார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு தாளும் இரண்டு கோப்பை டீயும் இருந்தன. ஹட்டர்ஸ்ஃபீல்டில் கேட்காமல் டீ கொடுத்தால் விஷயம் நல்லதாக இருக்காது.

"ஆபத்தானதுன்னு எழுதியாச்சு மிஸ்டர் சக்டன். இனி இதை ரோட்டுல ஓட்டக்கூடாது. லாரி கூப்பிட்டு ஏத்தித்தான் கொண்டுபோகணும்."

மேவிஸ்தான் முதலில் பேசினாள். "ஏம்பா, எல்லா விளக்கும் எரிஞ்சுதே! நானே போட்டேனே!"

"அதேதான் மேடம் பிரச்சனை."

ஹெட்லி டீக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பரவால்ல. ஒரு வாரம் போதும் எனக்கு. எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. மேவிஸ், இரும்புக்காரரை அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லிக்கலாம், இல்ல?"

மேவிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். "வரவே சொல்ல மாட்டேன். முதல்ல டீயைக் குடி."

ஹெட்லி நிமிர்ந்து நின்றார். "தாரிக், அடுத்த வெள்ளிக்கிழமை ஒன்பது மணின்னு எழுதிக்கோ. இந்தத் தடவை டெஸ்ட்ல பாஸாகாம நான் இங்கிருந்து போகப் போறதில்ல."

தாரிக் தலையைச் சொறிந்தார். "அதைத்தான் சார் நீங்க ஃபோன் பண்ணப்பவும் சொல்ல வந்தேன், இன்னிக்குக் காலையிலயும் சொல்ல வந்தேன். நீங்க விடவே இல்ல. உங்க வண்டிக்குப் போன மாசத்தோட நாப்பது வயசு முடிஞ்சுபோச்சு. நாப்பது முடிஞ்ச வண்டிக்கு இந்த நாட்டுல டெஸ்ட்டே தேவையில்ல."