எத்தியோப்பியக் கடையில் என் சபதம் பட்ட பாடு

கண்டி,
ஞாயிறு காலை.

கலஹாவில் இருக்கும் மதிப்புக்குரிய பெரியண்ணன் ராஜலிங்கம் அவர்களுக்கு, தம்பி மோகனராஜ் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பிள்ளைகளும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அங்கு தாங்களும் அண்ணியும் தங்களுடைய வலது முழங்காலும் சுகம்தானா என்று அறிய ஆவலாக இருக்கிறேன். போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம், போனில் என்றால் தாங்கள் நடுவில் கத்துவீர்கள். இதில் நான் முடிக்கும் வரை கத்த முடியாது.

தங்கள் மகள் வினோதாவின் கல்யாணக் கார்டுக் கட்டு கலஹா பஸ்ஸில் பத்திரமாக வந்து சேர்ந்தது. "தங்கச்சி நிஷாந்தினிக்குக் கார்டு வைக்கிறதா வேணாமா, நீ சொல்றதுதான் முடிவு" என்று கேட்டிருந்தீர்கள். என் நிலைமை தங்களுக்குத் தெரியும். பெய்ரூட்டில் ஒன்பது வருசம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவளுக்கு, புடவைக்கடை முதலாளியின் கையைக் காலைப் பிடித்து கேஷியர் வேலை பார்த்து வைத்தேன். அவளோ முதலாளிக்கு முன்னாலேயே, "எனக்கு வேணாம், நான் எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடை போடப் போறேன்" என்று சொல்லி என் மானத்தை வாங்கினாள். கண்டியில எத்தியோப்பியச் சாப்பாடு இல்லன்னு எவன் அழுதான்? அன்றைக்குத் தங்கள் வீட்டு வாசலில் நின்று, "இனி உன் கையால பச்சத்தண்ணி குடிச்சா என் பேரு மோகனராஜ் இல்ல" என்று நான் சொன்னதற்குத் தாங்களே சாட்சி. இரண்டு வருசமாக அந்தச் சபதத்தைக் காப்பாற்றி வருகிறேன்.

இப்போது யாராவது வந்து தங்களிடம் கோள் மூட்டுமுன் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் நில அளவைக் கந்தோரில் அலவத்துகொட பஹ்மிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அந்தச் சந்தோசத்தில் வியாழக்கிழமை பகல் எங்க நாலு பேரையும், "புது இடம் ஒண்டு, கேள்வி கேக்காம வாங்கோ" என்று மஹய்யாவப் பக்கம் மூணு மேசை போட்ட ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப் போனாரு. அது நிஷா கடைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவ கடை கட்டுகஸ்தோட்டையிலன்னு நினைச்சு, ரெண்டு வருசமா நான் அந்தப் பக்கமே போகாம சுத்திப் போயிட்டு இருக்கேன். அவ பேச்சே என் காதுல விழக்கூடாதுன்னு வீட்டுல உத்தரவு போட்டதும் நான்தான், அதனால அவ கடைய மாத்தினது ஊருக்கெல்லாம் தெரிஞ்சும் எனக்கு மட்டும் தெரியல. கதவுல எத்தியோப்பியான்னு எழுதியிருந்ததைப் பார்த்து, அட, இந்த ஊர்ல இன்னொரு பைத்தியமும் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டே உள்ள போயி உக்காந்தேன்.

ஒரே ஒரு தட்டு வந்துச்சு அண்ணே. அஞ்சு பேருக்கு ஒண்ணு! தட்டு நிறைய ஒரு பெரிய தோசை, பேரு இஞ்செரா, குரக்கன் மாவாம், மேல்பக்கம் முழுக்க ஓட்டை, நல்ல புளிப்பு. அதுக்கு மேல பருப்பு, கீரை, வதக்கின கோவா இலை, நடுவுல முழு முட்டை போட்ட கோழிக்கறி. என் தட்டு எங்கன்னு கேட்டேன். "உங்கட தட்டும் எங்கட தட்டும் இதுதான். சஹன்ல சாப்பிட்டதில்லையா?" என்று பஹ்மி கையக் கழுவிட்டு உக்காந்துட்டாரு. அவங்க கல்யாண வீட்டுல ஆறு பேர் ஒரே தட்டுல சாப்பிட்டுப் பழகினவரு. எனக்கு அது வருமா? இருபத்துநாலு வருசமா காணி எல்லை கீறின கை இது. கீரைக்கும் பருப்புக்கும் நடுவுல விரலால ஒரு கோடு இழுத்து, மூலையில ஒரு பச்ச மிளகாய எல்லைக்கல்லா நட்டு, "இதுக்கு இந்தப் பக்கம் யாரும் வரப்படாது"ன்னு சொன்னேன். எங்க டைப்பிஸ்ட் நிலூஷா ரெண்டாவது வாயிலேயே எல்லைக்கல்லத் தூக்கித் தின்னுட்டா.

அந்த நேரம் பார்த்து குசினியில இருந்து நிஷா வந்தா. அவ என்னையப் பார்த்தா, நான் சுவரைப் பார்த்தேன். சுவர்ல அவளும் ஒரு எத்தியோப்பியப் பொம்பளையும் தோள்ல கை போட்டு நிக்கிற போட்டோ. நான் அண்ணன்னு அங்க யாருக்கும் தெரியாது. அவ பொதுவாச் சொல்ற மாதிரி சொன்னா: "இவங்க அல்மாஸ். பெய்ரூட்ல பக்கத்து வீட்டுல வேலை செஞ்சாங்க. நான் காய்ச்சல்ல பத்து நாள் எந்திரிக்க முடியாமக் கிடந்தப்ப, வேலைய முடிச்சிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து ஊட்டி விட்டாங்க. அவங்க நாட்டுல, வந்தவங்களுக்கு வீட்டுக்காரங்க கையால ஒரு வாய் ஊட்டணும். வேணாம்னா அந்த வீடே வேணாம்னு சொன்ன மாதிரி." நிலூஷாவுக்கு ஊட்டினா. பஹ்மிக்கு மரியாதையா உள்ளங்கையில வச்சா. அப்புறம் என் முன்னால வந்து நின்னா. ஒரு வாய் உருட்டி என் வாய்க்கு நேரா நீட்டினா அண்ணே.

நான் சட்டப்படி யோசிச்சேன். சபதம் தண்ணிக்கு மட்டும்தான், சாப்பாட்டைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. வாயத் தொறந்தேன். அம்மாடி, என்ன காரம்! விக்கல், இருமல், பஹ்மி முதுகுல குத்துறாரு, நிலூஷா உச்சந்தலையில தட்டுறா, நிஷா கிளாஸ்ல தண்ணியோட நிக்கிறா, நான் வேணாம் வேணாம்னு கையக் காட்டுறேன். ரெண்டு வருசத்துக்கு அப்புறம் அவ எங்கிட்டப் பேசின முதல் பேச்சு இதுதான்: "பச்சத்தண்ணி இல்ல சின்னண்ணே. கொதிக்க வச்சு ஆறினது. உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாது, குடிங்க." குடிச்சேன். கண்ணுல வந்தது காரத்தாலன்னு கந்தோர்ல சொல்லி வச்சிருக்கேன். காரம் இல்ல அண்ணே. அந்தப் பத்து நாள் காய்ச்சல் நமக்குத் தெரியவே தெரியாதே. நாம கேக்கவே இல்லையே.

நிற்க. மேற்கண்டவாறு என் சபதம் இன்றுவரை எந்தப் பழுதும் இல்லாமல் இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். நிஷாந்தினிக்குக் கார்டு வைக்கும் விசயத்தில் அவசரம் வேண்டாம். மனுசன் என்றால் சொன்ன சொல்லில் நிற்க வேண்டும். நான் ஆறுதலாக யோசித்து எழுதும் வரை பொறுத்திருங்கள். அண்ணிக்கு என் வணக்கம். வினோதா நூறு வருசம் நல்லா இருக்க இந்தச் சித்தப்பாவின் ஆசீர்வாதம். முழங்காலுக்கு எண்ணெய் பூச மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத தங்கள் தம்பி,
மோகனராஜ்

பி.கு.: கடிதத்தை மடிச்சு வச்சிட்டு, சும்மா ஒரு நடை போயிட்டு வருவோம்னு கிளம்பினேன். கால் மஹய்யாவப் பக்கம் போயிருச்சு. கையில கார்டு எப்படி வந்துச்சுன்னு கேக்காதீங்க. நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி அவ பேரை எழுதினது நான்தான். "முதல் நாளே வந்துரணும்"னு சொல்ல வாயெடுத்தேன், திரும்பவும் விக்கல். ஆறின தண்ணி முடிஞ்சு போச்சாம். பைப்பைத் தொறந்து ஒரு கிளாஸ் பிடிச்சு நீட்டிக்கிட்டு, என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னா. வாங்கிக் குடிச்சிட்டேன் அண்ணே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காம. ஆகவே மேலே போட்ட கையெழுத்தை வெட்டிவிடவும். கல்யாணத்துக்கு நாங்க வாறதுக்குள்ள எனக்கு ஒரு நல்ல பேராப் பார்த்து வைங்க.

பேரில்லாத தங்கள் தம்பி.