பெண் பார்க்கும் விழா: நிகழ்ச்சி நிரல்

வாசகரே, நம்மூரில் மழை எப்போது வரும் என்று தெரியாது, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாது, மதுரவாயல் பைபாஸில் மாட்டிக்கொண்டால் வீடு எப்போது வரும் என்றும் தெரியாது. தெரியாமலே நாமும் எப்படியோ காலம் தள்ளிவிடுகிறோம். ஆனால் அடுத்த அயிட்டம் என்ன என்று தெரியாவிட்டால் மூச்சு முட்டிப்போகிற ஒரு பிறவி நம் நடுவே நடமாடுகிறது. அதற்குப் புரோகிராம்காரர் என்று பெயர்.

ஒரு மனிதன் மேல் வந்து விழுகிற புரோகிராம்கள் கொஞ்சமா? விடிந்ததும் டிவியில் ராசிபலன் புரோகிராம். துணி துவைக்கிற மெஷினில் பதினாறு புரோகிராம், அதில் பதினைந்தை யாரும் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்து ஆண்டு விழா, அதில் நம் பிள்ளை மூன்றாவது வரிசையில் மரமாக நிற்பதைப் பார்க்க அரை நாள் லீவு போட்டுப் போகிறோம். குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழா, அதில் ஐம்பது வயதுப் பெரியவர்கள் வாயில் ஸ்பூனும் ஸ்பூனில் எலுமிச்சம்பழமுமாக ஓடுகிறார்கள். சர்ச்சில் கிறிஸ்துமஸ் புரோகிராம், அதில் வருஷா வருஷம் ஏரோது ராஜாவுக்குத் தாடி கழன்று விழுகிறது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்போம். புரோகிராம்காரரோ இதற்காகவே பிறந்தவர்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப்பையில் நாலாக மடித்த தாள் ஒன்று, பேனா இரண்டு. மைக்கைக் கண்டால் கை தானாக நீளும், வாய் தானாக "ஃபூ, ஃபூ" என்று ஊதும். "சுருக்கமாக" என்று சொன்னால் நீளப்போகிறது என்று அர்த்தம். "நேரமின்மை காரணமாக" என்று சொன்னால் நேரத்தை அவரே தின்றுவிட்டார் என்று அர்த்தம். துக்க வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு நேரே வந்து உங்கள் தோளைத் தொட்டு, "இரங்கலுரைக்கு உங்க பேரையும் போட்டுக்கட்டுமா?" என்பார். செத்தவரை உங்களுக்குத் தெரியாது என்றால், "அப்ப நன்றியுரை" என்பார்.

முகப்பேரில் எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடியில் இருக்கும் அருள்தாஸ் இந்த இனத்தின் சுத்தமான மாதிரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஆயுசு பூராவும் சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே என்று வாழ்ந்தவர். ஓய்வு பெற்றதும் சங்கில்லாமல் பொழுது நகரவில்லை போலும், பித்தளையில் ஒரு கைமணி வாங்கி வைத்துக்கொண்டார். அன்று முதல் சர்ச்சிலும் சங்கத்திலும் யார் பேசினாலும், கொடுத்த நேரம் தாண்டினால் டிங். பிஷப்பாக இருந்தாலும் டிங்தான். வீட்டில் மட்டும் மணி கிடையாது என்று நினைக்காதீர்கள். "அடுத்ததாக, சட்னி" என்று அவர் மேஜையில் அறிவிப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவருடைய மகள் ரெனிதா கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிற வேலையில் இருக்கிறாள். "நான் எழுதுறதுல ஒரு வரி விட்டுப்போனா மெஷினே சொல்லிடும் அங்கிள். எங்க அப்பா எழுதுறதுல விட்டுப்போனா யாருக்குச் சொல்லத் தைரியம் இருக்கு?" என்று ஒருநாள் லிஃப்டில் என்னிடம் கேட்டாள். அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் இரண்டு வரன்கள் வந்தார்கள், புரோகிராமைப் பார்த்தார்கள், போனார்கள். ஒரு மாப்பிள்ளையின் தாத்தா வேதபாடம் வாசிக்கும்போதே தூங்கிவிட்டார். இன்னொரு வீட்டார் இடைவேளையில் போனவர்கள்தான், திரும்பவே இல்லை.

மூன்றாவதாக ஆவடியிலிருந்து ஒரு வரன் அமைந்தது. பையன் பெயர் மேக்ஸ்வெல். போட்டோவைப் பார்த்த ரெனிதா வழக்கம்போல் "உங்க இஷ்டம்" என்று சொல்லாமல், "வரட்டும்" என்று சொன்னாளாம். அவள் அம்மா ஞானகுமாரிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. கணவரிடம் போய்க் கெஞ்சினார்.

"ஏங்க, இந்த ஒரு வாட்டி மட்டும் புரோகிராம் வேணாங்க. வருவாங்க, டீ குடிப்பாங்க, பேசுவாங்க. எல்லார் வீட்லயும் அப்படித்தானே நடக்குது."

"அதான் எல்லார் வீட்லயும் குழப்பமா நடக்குது" என்றார் அருள்தாஸ்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது வாசலிலேயே தாள் கொடுத்தார்கள். 'பெண் பார்க்கும் விழா' என்று மேலே கலரில் தலைப்பு. ஆரம்ப ஜெபம், வேதபாடம், வரவேற்புரை, பெண் வீட்டார் அறிமுகம், மாப்பிள்ளை வீட்டார் அறிமுகம், சிறப்புப் பாடல், இடைவேளை, வாழ்த்துரை, பதிலுரை, நன்றியுரை, முடிவு ஜெபம், ஆசீர்வாதம். வாழ்த்துரைக்கு நேரே, அண்டை வீட்டார் சார்பில் என்று என் பெயர் இருந்தது. மறுக்க முடியுமா? அச்சாகிவிட்டதே!

கரையான்சாவடியிலிருந்து சவுண்ட் சர்வீஸ் ஏகாம்பரம் வந்து ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்தே, உள்ள பத்து பேருதான் கீறாங்கோ. இன்னாத்துக்கு ரெண்டு பாக்ஸு?"

"ஒண்ணு ஹாலுக்கு. இன்னொண்ணு பால்கனிக்கு. பிளாக்ல நாலு பேருக்குக் கேக்கட்டுமே."

"பொண்ணு பாக்கச் சொல்லோ ஊருக்கே மைக் வெச்சிகினு… ஏதோ, நம்ம பொழப்பு ஓடுது" என்று முனகியபடியே ஏகாம்பரம் பெட்டியைத் தெருப்பக்கம் பார்த்துக் கட்டினார்.

மேக்ஸ்வெல் வந்தான். கூடவே அப்பா ஜாபஸ், அம்மா ஹெலினா, நண்பன் ஒருவன், அவர்கள் காரிலேயே போதகர் ஐயா. போதகருக்கு அடுத்து வானகரத்தில் ஒரு புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் இருந்ததால், ஜெபம் முடிந்த கையோடு எல்லோரும் ஒன்றாகக் கிளம்பவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அருள்தாஸுக்கு அதில் பரம சந்தோஷம். நேரத்துக்கு முடிப்பதற்குத்தானே அவர் பூமியில் அவதரித்ததே!

எல்லாம் நிரல்படி நடந்தது. ஞானகுமாரியின் வரவேற்புரைக்கு டிங். மாப்பிள்ளை நண்பனின் அறிமுகத்துக்கு டிங். என் வாழ்த்துரையில் வாழ்த்துக்கு வருவதற்குள் டிங். முதல் மணி அடித்தபோது ரெனிதா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாவது மணிக்கு நிமிர்ந்தாள், எதிரே மேக்ஸ்வெல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தான். அவளும் விழுங்கினாள். அப்புறம் ஒவ்வொரு டிங்குக்கும் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறிப்போன சமோசாவைக் கையில் வைத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மனசு குளிர்ந்தது. இந்தப் பெண்ணுக்கு இது அமைந்துவிடவேண்டுமே என்று உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

பதிலுரைக்கு ஜாபஸ் எழுந்தார். தம் தாத்தா ஆவடிக்கு வந்த கதையில் ஆரம்பித்தார். ஹெலினா சேலைத்தலைப்பால் வாயை மூடி, "விஷயத்துக்கு வாங்க" என்று கிசுகிசுத்தார். மனிதர் ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார்.

"ஆகவே, முக்கியமா நாங்க இப்ப உங்ககிட்ட கேக்க வந்தது என்னன்னா…"

டிங்.

ஜாபஸ் மரியாதையான மனிதர். மணி அடித்தால் உட்காரவேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்துவிட்டார். நன்றியுரை ஆயிற்று. முடிவு ஜெபம் ஆயிற்று. போதகர் கையை உயர்த்தி ஆசீர்வாதமும் கூறிவிட்டார். இதை அறியாத வாசகருக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஆசீர்வாதம் கூறிவிட்டால் கூட்டம் கலைந்தது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்க எவருக்கும் துணிச்சல் வராது. ஆமென் சொன்னார்கள், கைகுலுக்கினார்கள், செருப்பைத் தேடினார்கள், படி இறங்கினார்கள்.

பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பெண் வீட்டார் கேட்கவில்லை. பிடித்திருக்கிறது என்று பையன் வீட்டார் சொல்லவில்லை. பெண் பார்க்கும் விழாவில் சம்மதம் கேட்கிற அயிட்டமே இல்லை!

"பாத்தியா ஞானம், கரெக்டா முடிச்சிட்டேன்" என்றார் அருள்தாஸ், தாளை மடித்துப் பையில் வைத்தபடி.

"என்னங்க முடிச்சீங்க? அவங்க ஒண்ணுமே சொல்லாம போறாங்களே. பிடிக்கலைபோல இருக்கு." ஞானகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அருள்தாஸ் தாளை மறுபடி பிரித்தார். மேலிருந்து கீழே வாசித்தார். கீழிருந்து மேலே வாசித்தார். அவர் முகம் வெளிறிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

"போய்க் கூப்பிடுங்களேன்!"

"எப்படிக் கூப்பிடறது? பொண்ணு வீட்டுக்காரன் பின்னாலயே ஓடினா நல்லாவா இருக்கும்? அதுவும்… ஆசீர்வாதம் சொல்லியாச்சே."

நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே போதகர் முன் ஸீட்டில் ஏறிவிட்டார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஹெலினா கணவரிடம், "அவங்களுக்கு இஷ்டமில்லபோல. அதான் கேக்கவே விடாம மணி அடிச்சிட்டாரு" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. மேக்ஸ்வெல் மட்டும் ஏறாமல் மேலே பார்த்தபடி நின்றான். இன்னும் ஒரு நிமிஷம், மூன்றாவது வரனும் பைபாஸ் ஏறிவிடும்.

ஏகாம்பரம் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார்.

"அண்ணா, இருங்க" என்று ரெனிதா மைக்கை எடுத்தாள். ஊதவில்லை, டெஸ்டிங் சொல்லவில்லை. "மேக்ஸ்வெல், கிளம்பாதீங்க. எங்க அப்பா எழுதின புரோகிராம்ல ஒரு வரி விட்டுப்போச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?"

பால்கனிப் பெட்டி தன் வேலையைச் செய்தது. எதிர் பிளாக்கில் துணி எடுத்துக்கொண்டிருந்த சரசா துணியோடு நின்றார். இஸ்திரி வண்டிக்காரர் தேய்ப்புப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். ஒரு ஸ்கூட்டர் நடுத்தெருவில் நின்றது. மேக்ஸ்வெல் வாய்க்குக் கையைக் குவித்தான்.

"எனக்கு ரெண்டாவது மணியிலயே ஓகே!"

தெரு கை தட்டியது. ஹெலினா கீழிருந்தே, "நாங்களும் அதைக் கேக்கத்தாங்க வந்தோம்! நீங்க மணி அடிச்சிட்டீங்களே!" என்று கத்தினார். ஏகாம்பரம், "சூப்பர் பாப்பா! இதுக்குத்தான் ரெண்டு பாக்ஸு வோணும்ங்கிறது!" என்று கட்சி மாறினார்.

ஞானகுமாரி சிரித்தார், அழுதார். அருள்தாஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். துடைத்து முடித்ததும் மகளிடமிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார்.

"போதகர் ஐயா அவர்கள் தயவுசெய்து மேலே வரவும். ஆசீர்வாதத்துக்குப் பின் ஒரு அயிட்டம் நடந்துவிட்டபடியால், முடிவு ஜெபம் மறுபடியும் வைக்கவேண்டியுள்ளது."

எல்லோரும் மேலே ஏறி வந்தார்கள். வானகரத்துப் புது வீடு காத்திருந்தது. அதற்குள் அருள்தாஸ் தாளின் பின்பக்கத்தில் புது நிரல் எழுதிவிட்டார். முதல் அயிட்டம், வரவேற்புரை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சுருக்கமாக…" என்றார்.

டிங்.

மணி ரெனிதாவின் கையில் இருந்தது. அத்தனை வருஷங்களில் அந்த மணி அவருக்காக அடித்தது அதுவே முதல் தடவை. ஒரு கணம் விழித்தார். பிறகு, விதி என்றால் விதிதானே, பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த அந்த இடைவெளியில்தான் ஜாபஸ் கேட்கவேண்டியதைக் கேட்டு, சொல்லவேண்டியவர்கள் சொல்லி, கல்யாணம் நிச்சயமாயிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லவேளை நாம் அப்படியில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதைப் படிக்க உட்காருமுன், இது எங்கே முடிகிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒருமுறை கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டுத்தானே ஆரம்பித்தீர்கள்?

டிங்.